நோயுள்ள நாளும் வாழும் நாளே

புற்றுநோய் முற்றிய நிலையில் ஒருவர் இருக்கும் இல்லத்தில் இரண்டு வாக்கியங்கள் அடிக்கடி செவியில் விழும். "இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை" என்பது ஒன்று. "நீங்கள் அசையாமல் படுத்திருங்கள், எல்லாவற்றையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்பது மற்றொன்று. முதலாவது மனம் தளர்ந்து கூறுவது. இரண்டாவது அன்பு மிகுந்து கூறுவது. ஆயினும் இரண்டுமே நோயாளிக்குத் தீங்கு செய்வன. ஏன் என்பதை இன்று நாம் ஆராய்வோம்.

நோயை அறவே நீக்க இயலாத நிலையிலும் செய்வதற்கு மிகுதியாக உண்டு. நோயாளியின் வலியைத் தணிக்கலாம். மூச்சுத் திணறலையும் வாந்தியையும் மலச்சிக்கலையும் குறைக்கலாம். அவர் எழுந்து நடமாடவும், தம் கையாலேயே நீராடி உடுத்திக்கொள்ளவும், வீட்டாரோடு அமர்ந்து உண்ணவும் வழி செய்யலாம். இதற்கென்றே மருத்துவத்தில் தனித் துறை ஒன்று வளர்ந்திருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2002ஆம் ஆண்டில் இத்துறைக்கு வகுத்த இலக்கணத்தில், நோயாளி தம் இறுதி நாள்வரை இயன்ற அளவு செயலோடு வாழத் துணைபுரிவதும் ஒரு கடமை எனச் சேர்த்துள்ளது. செயலோடு வாழ்தல் என்பதே இங்கு நாம் கருத்தில் கொள்ள வேண்டியது.

ஆங்கிலத்தில் இதனைப் பாலியேட்டிவ் கேர் என்பர். மேலாடையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்த பெயர் இது. குளிரை ஒழிக்க இயலாவிடினும் குளிரில் நடுங்குபவனுக்குப் போர்வை அளிக்கலாம் அன்றோ? தமிழில் வலி தணிப்புச் சிகிச்சை, ஆதரவுச் சிகிச்சை, நோய்த் தணிப்புப் பராமரிப்பு எனப் பல பெயர்கள் வழங்குகின்றன. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இவற்றுள் எதுவும் முழு நிறைவு தருவதில்லை. வலி ஒன்றை மட்டும் கூறினால் மற்றத் துன்பங்கள் விடுபடுகின்றன. ஆதரவு என்று மட்டும் கூறினால் மருத்துவம் விடுபடுகிறது. இக்கட்டுரையில் தணிப்புச் சிகிச்சை என்றே வழங்குவோம். மருத்துவமனைக்குச் செல்லும்போது பாலியேட்டிவ் என்ற சொல்லையே கூறிக் கேட்பது எளிது.

இத்துறைக்கு வித்திட்டவர் சிசிலி சாண்டர்ஸ் என்னும் ஆங்கிலேய மாது. முதலில் செவிலியாகவும், பின்னர் மருத்துவமனைச் சமூகப் பணியாளராகவும் இருந்து, அதன் பின்னரே மருத்துவம் பயின்றவர் அவர். 1967ஆம் ஆண்டில் லண்டன் நகரில் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தை நிறுவினார். உடல் நோவு, மன நோவு, குடும்பக் கவலை, ஆன்மாவின் ஏக்கம் ஆகிய நான்கும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால், ஒன்றை விட்டு மற்றொன்றைத் தீர்க்க முடியாது என்பது அவர் கண்ட உண்மை.

நம் நாட்டில் 1986ஆம் ஆண்டு மும்பையில் தோன்றிய சாந்தி அவேதனா இல்லம் இவ்வகையில் முதலாவது. 1993ஆம் ஆண்டு கோழிக்கோட்டில் வலி மற்றும் தணிப்புச் சிகிச்சைச் சங்கம் எழுந்தது. அங்கு மருத்துவர்கள் மட்டுமன்றி, அக்கம்பக்கத்தார், மாணவர், ஆசிரியர், கடைக்காரர் முதலியோரும் பயிற்சி பெற்று நோயாளிகளின் இல்லம் நாடிச் செல்லலாயினர். இதற்கெனத் தனிக் கொள்கை வகுத்த முதல் மாநிலமாகக் கேரளம் 2008ஆம் ஆண்டில் விளங்கியது.

பெங்களூரில் வாழும் தமிழ் மக்கள் தங்கள் நகரிலேயே உள்ள வசதிகளை அறிந்துகொள்ளல் வேண்டும். ஓசூர் சாலையில், நிம்ஹான்ஸ் மருத்துவமனைக்கு அருகில் உள்ளது கித்வாய் நினைவுப் புற்றுநோய் நிலையம். 1973ஆம் ஆண்டு தொடங்கிய இந்நிலையம் 1980இல் மண்டலப் புற்றுநோய் மையம் என மத்திய அரசின் அங்கீகாரம் பெற்றது. வலிக்கும் தணிப்புச் சிகிச்சைக்கும் அங்குத் தனிப் பிரிவு உண்டு. நகரின் கிழக்கே மாரத்தஹள்ளியை அடுத்துக் கருணாஸ்ரயா என்னும் இல்லம் இருக்கிறது. இந்தியப் புற்றுநோய்ச் சங்கத்தின் கர்நாடகக் கிளையும் இந்திராநகர் ரோட்டரி சங்கமும் கூடி 1994ஆம் ஆண்டில் அமைத்த அறக்கட்டளையின் பணி இது. முதலில் இல்லந்தோறும் சென்று பராமரித்த இவ்வமைப்பு, 1999இல் தனக்கெனக் கட்டடம் எழுப்பியது. நீர்நிலை ஒன்றை நடுவே கொண்டு அமைந்த அவ்வில்லத்தில், நோயைக் குணப்படுத்தும் கட்டத்தைக் கடந்தவர்களுக்குக் கட்டணமின்றிப் பராமரிப்பு அளிக்கிறார்கள்.

இனி, அசையாமல் படுத்திருப்பது ஏன் தீங்கு என்பதைக் காண்போம். உடலின் தசைகள் உழைப்பினால் வலுப்பெறுவன; ஓய்வினால் மெலிவன. நல்ல உடல்நலம் உள்ளவரே ஒரு வாரம் கட்டிலை விட்டு இறங்காதிருப்பின், எழுந்து நிற்கும்போது கால்கள் நடுங்கும். நோயினால் ஏற்கெனவே தசை குறைந்தவரைப் பற்றிக் கூறவும் வேண்டுமோ? மேலும், நீண்ட நாள் படுக்கையினால் முதுகிலும் இடுப்பிலும் புண் உண்டாகும், கால் நாளங்களில் குருதி உறையும், நுரையீரலில் சளி தங்கும், மலம் இறுகும். களைப்பாக இருக்கிறதென்று படுக்கிறோம். படுப்பதனால் வலிமை குன்றுகிறது. வலிமை குன்றவே களைப்பு மிகுகிறது. இவ்வாறு அது ஒரு சுழலாகிவிடுகிறது. மிதமான நடையும் எளிய உடற்பயிற்சியும் புற்றுநோயாளரின் களைப்பைக் கூட்டுவதில்லை. குறைக்கவே செய்கின்றன என்பது ஆராய்ச்சிகளால் உறுதிப்பட்ட செய்தி.

இதில் மற்றொரு முக்கியமும் உண்டு. புற்றுநோய் மருத்துவர்கள் நோயாளியின் செயல்திறனைப் பூஜ்யம் முதல் ஐந்துவரை எண்ணிட்டு மதிப்பிடுவர். வேலை செய்ய இயலாவிடினும் தம் தேவைகளைத் தாமே கவனித்துக்கொண்டு, விழித்திருக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் எழுந்து நடமாடுபவர் இரண்டாம் படியில் இருப்பவர். பாதிக்கு மேல் படுக்கையிலோ நாற்காலியிலோ கழிப்பவர் மூன்றாம் படியில் இருப்பவர். கீமோதெரபி எனும் மருந்துச் சிகிச்சையை உடல் தாங்குமா என்று முடிவு செய்வதில் இவ்வெண் பெரிதும் பயன்படுகிறது. எனவே, அன்பின் மிகுதியால் நோயாளியைக் கட்டிலோடு கட்டிப்போடும் குடும்பம், அவருக்குக் கிடைக்கக்கூடிய அடுத்த சிகிச்சைக்கும் தன்னை அறியாமலே தடை போடுகிறது எனலாம்.

ஆயின், வலியோடு இருப்பவரை எழுந்து நட என்பது கொடுமை. ஆதலின் முதற்கண் தணிக்க வேண்டியது வலியே. சிறு வலிக்குப் பாரசிட்டமால் போன்ற எளிய மருந்துகளும், கடும் வலிக்கு மார்பினும் பயன்படுகின்றன. 1986ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம் இவற்றைப் படிப்படியாக வழங்கும் முறையை வெளியிட்டது. மார்பினை ஊசியாகத்தான் போட வேண்டும் என்பதில்லை. மாத்திரையாகவோ நீர்மருந்தாகவோ வாய்வழியே கொடுக்கலாம். சாதாரண வகை மாத்திரையின் பயன் சுமார் நான்கு மணி நேரமே நிற்கும். ஆகவே வலி வந்தபின் தேடி உண்ணாமல், வலி தலையெடுக்கும் முன்னரே குறித்த வேளையில் உண்ண வேண்டும். மார்பின் உண்பவருக்கு மலச்சிக்கல் உண்டாவது திண்ணம். எனவே மலமிளக்கும் மருந்தையும் உடன் கொடுப்பர்.

மார்பின் என்ற பெயரைக் கேட்டதும் பலர் அஞ்சுகின்றனர். போதைக்கு அடிமையாகிவிடுவார் என்பது ஓர் அச்சம். அது கொடுத்தால் முடிவு நெருங்கிவிட்டது என்று பொருள் என்பது மற்றோர் அச்சம். மருத்துவர் அளந்து கொடுக்க, வலிக்காகவே உண்பவரிடம் போதைப் பழக்கம் அரிதாகவே காணப்படுகிறது. வலி அடங்கியதால் உறங்கி எழுந்து, மறுநாள் வாசல்வரை நடந்து வரும் நோயாளிகள் உண்டு. மார்பினுக்கு மூலமான அபின், மத்தியப் பிரதேசம், இராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய நம் மாநிலங்களிலேயே அரசு உரிமத்தின்கீழ் விளைகிறது. ஆயினும் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் விதித்த கடுமையான விதிகளால், பல மருத்துவமனைகள் அதனை வாங்கி வைக்கவே தயங்கின. பல உரிமங்களை ஒருசேரப் பெற வேண்டியிருந்த அந்நிலையை மாற்ற 2014ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் அச்சட்டத்தைத் திருத்தியது. எனினும் எல்லா மருந்துக் கடைகளிலும் இது கிடைப்பதில்லை. எங்குக் கிடைக்கும் என்பதைத் தணிப்புச் சிகிச்சைப் பிரிவிலேயே கேட்டறிதல் நலம்.

வேற்றுமொழி வழங்கும் ஊரில் வாழும் நமக்கு, வலியைச் சொல்வதே ஒரு தடையாகிவிடுகிறது. தமிழில் வலிக்குச் சொற்கள் ஏராளம். குத்தல், குடைச்சல், கடுப்பு, எரிச்சல், பிசைதல், இழுத்தல், மதமதப்பு என ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகை நோவைச் சுட்டும். இவ்வேறுபாடு மருத்துவருக்கு மிகவும் வேண்டுவது. எரிச்சலும், மின்சாரம் பாய்ந்தாற்போன்ற சுரீர் என்னும் உணர்வும் நரம்பு தாக்கப்பட்டதைக் குறிக்கலாம். அதற்குக் கொடுக்கும் மருந்தே வேறு. வீட்டில் வயதான தாயார் "எலும்புக்குள் குடைகிறது" என்று கூறியதை, உடன் சென்ற மகன் மருத்துவரிடம் "வலிக்கிறதாம்" என்று சுருக்கிவிட்டால், பாதிச் செய்தி வழியிலேயே போய்விடுகிறது. அவர் கூறிய சொல்லையே ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். எந்த இடத்தில், எந்த நேரத்தில், என்ன செய்யும்போது, பூஜ்யம் முதல் பத்துவரை எண்ணினால் எத்தனை என்பனவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். கன்னடத்திலும் நோவு நோவே. எரிச்சலை அங்கு உரி என்பர். இரு மொழிகளும் உடன்பிறந்தவை ஆதலின், முயன்றால் புரியவைப்பது கடினமன்று.

வலி அடங்கியபின் கவனிக்க வேண்டியது களைப்பு. இரத்தச் சோகை, உறக்கமின்மை, மனச்சோர்வு, உப்புச் சத்து மாறுபாடு போன்ற காரணங்கள் இருப்பின் அவற்றை மருத்துவர் நீக்கக்கூடும். எஞ்சிய களைப்பைக் கையாளும் முறை, மாதச் சம்பளத்தைக் கையாளும் முறை போன்றதே. கையில் உள்ள பணத்தை முதல் வாரத்திலேயே செலவிட்டுவிட்டால் மாதக் கடைசியில் திண்டாட்டம். அதுபோல, நாளின் வலிமை முழுவதையும் காலையிலேயே குளிப்பதிலும் உடுத்துவதிலும் செலவிட்டுவிட்டால், மாலையில் பேரனோடு பேசவும் தெம்பு இராது. எனவே முக்கியமானது எது என்பதை நோயாளியே தேர்ந்துகொள்ளட்டும். நாற்காலியில் அமர்ந்து குளித்தால் வலிமை மிச்சமாகும். ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் இடையே சிறிது ஓய்வு கொள்ளலாம். பகலில் நெடுநேரம் உறங்குவதைவிடச் சிறு சிறு ஓய்வுகள் நன்று.

இல்லத்தில் சில மாற்றங்களும் துணைபுரியும். கட்டில் மிகத் தாழ்வாக இருந்தால் எழுவது அரிது. குந்தி அமரும் கழிப்பிடத்தின்மேல், நடுவில் துளையுள்ள நாற்காலியை இட்டுப் பயன்படுத்தலாம். குளியலறைச் சுவரில் ஒரு கைப்பிடி பொருத்தினால் விழும் அச்சம் நீங்கும். வாடகைக்கு மாடியில் குடியிருப்போர் படி ஏறும்போது வலுவான காலை முதலில் வைக்க வேண்டும். இறங்கும்போது நோவுள்ள காலை முதலில் வைக்க வேண்டும். மூச்சு வாங்குவோர் சற்று முன்சாய்ந்து, முழங்கைகளை மேசைமீது ஊன்றி அமர்ந்தால் எளிதாக மூச்சு விடலாம். முகத்தின்மீது சிறு விசிறியால் காற்றுப் படச் செய்வதும் திணறலைத் தணிக்கும். மார்பகப் புற்றுநோய்க்குப் பின் கை வீங்குமாயின், அதற்கெனக் கட்டும் முறையும் பயிற்சியும் உண்டு. இவற்றையெல்லாம் கற்பிப்பவர் பிசியோதெரபி நிபுணர். எலும்பு முறிந்தவர்க்கு மட்டுமே அவர் உரியவர் என எண்ண வேண்டா. எவ்வளவு நடக்கலாம், எதனைத் தூக்கலாகாது என்பதை, குறிப்பாக நோய் எலும்பில் பரவியிருப்பின், அவரையும் மருத்துவரையும் கேட்டே முடிவு செய்தல் வேண்டும்.

இங்கு ஓர் எச்சரிக்கை. முதுகிலோ கழுத்திலோ புதிதாகக் கடும் வலி தோன்றி, கால்கள் தளர்ந்தாலும், மரத்துப்போனாலும், சிறுநீர் மலம் கழிப்பதில் தடையோ கட்டுப்பாடின்மையோ ஏற்பட்டாலும், அது முதுகுத்தண்டு நரம்பு நெருக்கப்படுவதன் அறிகுறியாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நடக்கும் நிலையில் சிகிச்சை பெறுவோரே பெரும்பாலும் தொடர்ந்து நடக்கிறார்கள். கால் விழுந்தபின் மீட்பது அரிது.

செயல் என்பது நடை மட்டுமன்று. கணக்கு எழுதி வந்தவர் வீட்டுக் கணக்கை எழுதட்டும். சமையலறையை ஆண்டவர் அமர்ந்தபடியே கீரை ஆய்ந்து கொடுக்கட்டும். குழம்புக்கு உப்புப் போதுமா என்று அவரையே கேளுங்கள். பேரக் குழந்தைக்குத் தமிழ் எழுத்துக் கற்பிப்பது, வெளிமாநிலத்தில் வாழும் குடும்பத்தில் பாட்டனார் பாட்டியாரைத் தவிர வேறு யார் செய்யக்கூடிய பணி? ஒருவரிடமிருந்து வேலைகள் அனைத்தையும் வாங்கிக்கொள்வது, அவருடைய இடத்தையே வாங்கிக்கொள்வதாகும். உணவிலும் அவ்வாறே. நோய் முற்றிய நிலையில் பசி குறைவது இயல்பு. வற்புறுத்தி ஊட்டுவதைவிட, விரும்பியதைச் சிறு அளவில் பல வேளை கொடுப்பது நன்று.

நோயின் உண்மையை நோயாளியிடமே மறைக்கும் வழக்கம் நம் குடும்பங்களில் உண்டு. ஆயினும் தம் உடலின் நிலையை அவர் பெரும்பாலும் உணர்ந்தே இருக்கிறார். அவரும் அறியாதவர் போல் நடிக்க, வீட்டாரும் அறியாதவர் போல் நடிக்க, பேச வேண்டியவை பேசப்படாமலே போகின்றன. சொந்த ஊரை ஒருமுறை காண வேண்டும், இளைய மகளிடம் ஒரு செய்தி கூற வேண்டும் என்பன போன்ற விருப்பங்கள், நடமாடும் காலத்திலேயே நிறைவேறத்தக்கவை. எவ்வளவு அறிய விரும்புகிறார் என்பதை அவரிடமே மெல்லக் கேட்டு, அந்த அளவில் கூறுவதே முறை. இதற்கு உதவும் ஆலோசகர்களும் தணிப்புச் சிகிச்சைக் குழுவில் உள்ளனர்.

இச்சிகிச்சையை எப்போது தொடங்குவது? கடைசி வாரத்தில்தான் என்பது பரவலான தவறான எண்ணம். 2010ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஓர் ஆய்வின் முடிவை வெளியிட்டனர். நுரையீரல் புற்றுநோய் பரவிய நிலையில் கண்டறியப்பட்ட 151 பேரில் ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சையோடு தணிப்புச் சிகிச்சையையும் தொடக்கத்திலேயே அளித்தனர். அவர்களிடம் மனச்சோர்வு குறைவாகவும் வாழ்க்கைத் தரம் மேலாகவும் இருந்தன. அதுமட்டுமன்று, மற்றவர் வாழ்ந்த இடைநிலைக் காலம் 8.9 மாதமாக இருக்க, இவர்களுடையது 11.6 மாதமாக இருந்தது. ஆகவே கீமோதெரபியும் கதிர்வீச்சும் நடைபெறும்போதே தணிப்புச் சிகிச்சையையும் கேட்டுப் பெறலாம். ஒன்றைப் பெற மற்றொன்றைக் கைவிட வேண்டுவதில்லை. இருந்தும், உலகில் ஆண்டுதோறும் இது தேவைப்படுவோருள் நூற்றுக்குச் சுமார் 14 பேருக்கே கிடைக்கிறது என உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது.

வெளிமாநிலத்துத் தமிழ்க் குடும்பத்திற்குத் தனிக் கடினங்கள் உண்டு. ஊரில் இருந்தால் அத்தையும் சித்தியும் முறை வைத்து வந்து பார்ப்பார்கள். இங்கோ கணவன் அலுவலகத்திற்கும் மகன் கல்லூரிக்கும் சென்றபின், ஒருவரே எல்லாப் பொறுப்பையும் சுமக்கிறார். இரவில் உறக்கமின்றிப் பராமரிப்பவரும் நாளடைவில் நோயாளியாகிவிடுவார். இல்லம் தேடி வரும் செவிலியர் குழு உண்டா என்று கேளுங்கள். அண்டை வீட்டாரிடம் உதவி கேட்க நாணாதீர்கள். வாரத்தில் இரண்டு மணி நேரம் வந்து அமர்ந்திருப்பது அவர்களுக்குச் சிறு உதவி. பராமரிப்பவருக்கோ அது பேருதவி. சிகிச்சைக்காகப் பயணம் செய்யும் புற்றுநோயாளருக்கும் உடன் செல்பவருக்கும் இரயில்வேயில் கட்டணச் சலுகை உண்டு. மருத்துவமனையின் சான்றிதழ் வேண்டும். ஊர் திரும்ப விரும்புவோர் மருந்துச் சீட்டையும் சிகிச்சைச் சுருக்கத்தையும் பெற்றுக்கொண்டு, அங்கு மார்பின் கிடைக்கும் இடத்தையும் முன்னரே விசாரித்துப் புறப்படுதல் வேண்டும்.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்கும்போது மருத்துவத்தை நான்காகப் பகுத்துக் கூறுகிறார். நோயுற்றவர், மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுபவர் என்பன அந்நான்கு. நோயுற்றவரை முதலில் வைத்ததும், பேணுபவருக்கு மருத்துவரோடு ஒத்த இடம் தந்ததும் நாம் கருதத்தக்கவை. ஆகவே அடுத்த முறை மருத்துவரைக் காணும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். வலியை இன்னும் குறைக்க என்ன செய்யலாம்? எவ்வளவு நடக்கலாம், அதைக் கற்பிப்பவர் யார்? தணிப்புச் சிகிச்சைக் குழுவை இப்போதே காணலாமா? பின்னர் வீடு திரும்பி, நோயாளியிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: இன்று என்ன செய்ய விரும்புகிறீர்கள்? அவர் கூறும் விடையை ஒட்டி அந்த நாளை அமைத்துக் கொடுப்பது நம் கடமை.